கிள்ளையில் கிளிப்பிள்ளை எதற்கு?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் கிள்ளை, சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவை. எல்லாருக்கும் ஒரே தலைவலி: வகுப்பறை. பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்று சொல்லும் கட்டுமானக் கொள்கை உண்மையா, உதவுமா, ஊதிப் பெருக்கியதா? வரிசையாக வாருங்கள்.

பி.எட். மாணவி, அண்ணாமலைநகர்: கட்டுமானக் கொள்கையை ஒரே வரியில் சொல்லுங்களேன்.

பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு புதியது மோத வேண்டும், மோதிப் பொருந்த வேண்டும், பொருத்துகிற வேலையைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். இதை அப்படியே தேர்வில் எழுதிவிடாதீர்கள். உங்கள் வார்த்தையில் எழுதினால்தான் கொள்கை, என் வார்த்தையில் எழுதினால் காப்பி.

ஆட்டோ ஓட்டுநர், சிதம்பரம்: இதை யார் கண்டுபிடித்தது?

1896ஐக் குறித்துக்கொள்ளுங்கள். ஜான் பியாஜே சுவிட்சர்லாந்தில் பிறந்த வருஷம் அது. லெவ் வைகாட்ஸ்கி ரஷ்யப் பேரரசில் பிறந்ததும் அதே வருஷம். ஜான் டூயி சிகாகோவில் தன் சோதனைப் பள்ளியைத் திறந்ததும் அதே வருஷம். சோதிடர்கள் வேண்டுமானால் கட்டம் போட்டுப் பார்க்கட்டும்.

பியாஜே 84 வயது வரை இருந்தார். வைகாட்ஸ்கியைக் காசநோய் 37 வயதில் கொண்டுபோனது. பொருளோடு மல்லுக்கட்டிப் பிள்ளை கற்கிறது என்றார் முன்னவர். ஆளோடு பேசிக் கற்கிறது என்றார் பின்னவர். வகுப்பில் கையில் ஒரு பொருளும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்துவிட்டால் இருவர் வழக்கும் தள்ளுபடி.

மீன் வியாபாரி, முடசல்ஓடை: அந்த வெள்ளைக்காரருக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நத்தை, சிப்பி. பியாஜே முதலில் குழந்தை நிபுணர் இல்லை, நத்தை நிபுணர். சின்ன வயதிலேயே வெள்ளை நிறச் சிட்டுக்குருவி பற்றி ஒரு பக்கக் குறிப்பு அச்சில் வெளியிட்டவர், பிறகு நத்தை வகைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். பிச்சாவரம் கழியை ஒருமுறை பார்த்திருந்தால் குழந்தைகள் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்.

பாரிசில் பிள்ளைகளுக்கு அறிவுத்தேர்வு நடத்தும் வேலை கிடைத்தது. சரியான விடைகளை எண்ணச் சொன்னார்கள். அவர் தப்பான விடைகளை எண்ணினார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்வதைப் பார்த்தார். அங்கேதான் கதை திரும்பியது.

இல்லத்தரசி, சி.முட்லூர்: ஒரே மாதிரி தப்பா? வீட்டில் சோதித்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஐந்து வயதுப் பிள்ளை எதிரில் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். சமமா என்று கேளுங்கள், ஆமாம் என்பான். ஒன்றை எடுத்து டவராவில் ஊற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். டம்ளரில்தான் அதிகம் என்பான், உயரமாக நிற்கிறதே!

திருத்தாதீர்கள், திட்டாதீர்கள். டவராவில் இருப்பதை மறுபடி டம்ளருக்கு மாற்றிவிட்டு, அவன் முகத்தைப் பாருங்கள். ஏழு எட்டு வயதில் இதே பிள்ளை, “ஊத்தினா மாறுமா?” என்று உங்களையே கேட்பான். நடுவில் யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புவனகிரி: எல்லாவற்றையும் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வாத்தியார் எதற்கு?

ஐயா, பிச்சாவரத்தில் தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்கே தில்லை என்ற பெயர் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வாத்தியார். கேட்க வேண்டியதைக் கேட்கவும் அவரேதான்.

1976இல் உட், புரூனர், ராஸ் என்ற மூவர், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டையால் பிரமிடு கட்டுவதைக் கவனித்தார்கள். கூட இருந்தவர் எப்போது கை கொடுத்தார், எப்போது கையை எடுத்தார் என்று குறித்தார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடம் எழும்பும் வரை சாரம் நிற்கும், எழும்பியதும் கழற்றிவிடுவார்கள். நம் ஊரில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. சிலர் சாரமே கட்டுவதில்லை. சிலர் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகும் கழற்றுவதில்லை.

கல்லூரி மாணவர், சிதம்பரம்: தமிழ்நாட்டில் இதை யாராவது பெரிய அளவில் செய்து பார்த்தார்களா?

செய்தார்கள், இந்தியாவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. தொடக்கம் மட்டும் ஆந்திராவில், மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளியில். அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதி, ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். ஏணிப்படி போல ஒரு வரிசை. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம்.

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைப் பிடித்துக்கொண்டார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். 2003இல் 13 பள்ளிகளில் ஆரம்பம். பிறகு மாநகராட்சியின் மற்ற தொடக்கப் பள்ளிகள். 2007இல் மாநிலம் முழுக்க, 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள். பெயர் செயல்வழிக் கற்றல். ஆசிரியர்கள் வாயில் ஏ.பி.எல்.

நாற்காலி போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. முயலும் யானையும் போட்ட அட்டைகள் தட்டில் அடுக்கப்பட்டன. வருகைப் பதிவைப் பிள்ளைகளே குறித்தார்கள். வாத்தியார் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நூறு வருஷமாக நின்றுகொண்டே பேசியவர் உட்கார்ந்ததே ஒரு புரட்சிதான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, கிள்ளை: நானும் அட்டை அடுக்கியவள்தான். நல்ல திட்டம் ஏன் தளர்ந்துபோனது?

டீச்சர், நீங்களே விடை வைத்திருப்பீர்கள், என் கணக்கையும் சொல்கிறேன். அட்டையில் இரண்டு சங்கதி இருந்தது. ஒன்று, பிள்ளைக்குத் தன் வேகம். இரண்டு, பிள்ளை சொல்வதைக் கேட்க டீச்சருக்கு நேரம். முதலாவதை அச்சடிக்கலாம், லாரியில் ஏற்றி அனுப்பலாம். இரண்டாவதை அச்சடிக்க முடியாது.

அதனால் பல இடங்களில் அட்டை வந்தது, கேட்பது வரவில்லை. பிள்ளை எத்தனையாவது அட்டையில் நிற்கிறது என்று பதிவேடு நிரப்புவதே வேலையானது. சென்னையில் இருக்கும் பிள்ளைக்கும் உங்கள் ஊர் பிள்ளைக்கும் ஒரே அட்டை. புத்தகத்தைக் கிழித்துக் கெட்டியாக ஒட்டினால் அதுவும் புத்தகம்தானே!

ஆனால் ஒன்று. அடித்துப் பயமுறுத்தாமல் ஒன்றாம் வகுப்பை நடத்த முடியும் என்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளி நிரூபித்தது அந்த வருஷங்களில்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர், பொன்னந்திட்டு: வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. இதுவா படிப்பு?

என்ன சத்தம் என்று காது கொடுங்கள். “எப்படிடா பன்னிரண்டு வந்துச்சு?” என்ற சத்தம் என்றால் படிப்பு. “சார், இவன் கிள்ளுறான்” என்றால் நிஜமாகவே சந்தைக்கடை.

அதே பெற்றோர்: நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையே!

அதைப் பிள்ளையிடம் கேளுங்கள், நோட்டிடம் கேட்காதீர்கள்.

பட்டதாரி ஆசிரியர், பரங்கிப்பேட்டை: வகுப்பில் கேள்வி கேட்கிறேன், ஒருவரும் பதில் சொல்வதில்லை. பிள்ளைகள் மந்தமா?

கேட்ட பிறகு எத்தனை நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அல்லது தாங்களே விடை சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள்.

காசு செலவில்லாத சீர்திருத்தம் இது ஒன்றுதான். நாளைக்கே ஆரம்பியுங்கள். வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணுங்கள்.

கணக்கு ஆசிரியை, சிதம்பரம்: 52இல் 27 போனால் 35 என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். கவனக்குறைவுதானே?

கவனக்குறைவு ஆளுக்கு ஒரு விடை தரும். எல்லாரும் 35 எழுதினால் அங்கே ஒரு விதி இருக்கிறது: “பெரியதில் சின்னதைக் கழி.” மேலே 2, கீழே 7. ஏழில் இரண்டு போக ஐந்து. ஐந்தில் இரண்டு போக மூன்று. விதி தப்பு, ஆனால் அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள்!

சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டால் அந்த விதி சாகாது. “உன்னிடம் 52 ரூபாய் இருக்கு, 27 ரூபாய்க்குப் பொருள் வாங்கினாய், மீதி 35 வந்தால் கடைக்காரர் என்ன சொல்வார்?” என்று கேளுங்கள். 27ஐயும் 35ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 62 வந்ததும் தானே அடித்துத் திருத்துவான். நீங்கள் போட வேண்டிய அடியை அவனே போட்டுக்கொள்வான், அந்த அடி வலிக்கவும் செய்யாது.

முன்னாள் உடற்கல்வி ஆசிரியர், கடலூர்: அடியாத மாடு படியாது என்பது பெரியவர்கள் வாக்கு.

மாட்டுக்குச் சொன்னது. பிள்ளைக்கு 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. 17ஆம் பிரிவு அடியையும் மனத்துன்பத்தையும் தடை செய்கிறது. 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் வழியே கற்க வேண்டும் என்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிற சட்டம்.

உங்கள் கடலூரில் ஆசிரியராக இருந்த இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’வைப் படியுங்கள். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் ஒரு பெண்பிள்ளையின் கதை. படித்து முடித்த பிறகும் பிரம்பைத் தேடும் கை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

சமூகப் பணியாளர், கிள்ளை: எங்கள் ஊர் இருளர் பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் ஓர் ஆசிரியர். என்ன செய்வது?

அந்தப் பிள்ளையோடு கழிக்கு ஒருநாள் போகச் சொல்லுங்கள். எந்தச் சேற்றில் இறால் இருக்கும், எந்த வளையில் நண்டு இருக்கும், தண்ணீர் எப்போது வடியும், எந்த வேர் காலைக் கிழிக்கும், எல்லாம் சொல்வான். கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளை அவன். வாய் இருக்கிறது. வகுப்பில் அவனுக்குத் தெரிந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல் என்பவரும் கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில் ஆசிரியர்களை மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். உபதேசம் செய்ய இல்லை, கற்றுக்கொண்டு வர. விவசாயம், கட்டட வேலை, மருந்துச்செடி என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். 

பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததன் மேல்தான் கட்ட முடியும் என்பது கொள்கையின் முதல் பாடம். இருளர் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பிக்கிற வகுப்பு அந்தப் பாடத்திலேயே பெயில்.

பேராசிரியர், சிதம்பரம்: கொள்கை, கோட்பாடு எல்லாம் சரி. வகுப்புக்குள் வரவே விடாத காலம் ஒன்று இருந்ததே?

இருந்தது. அதனால்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் உங்கள் ஊரில் நந்தனார் பெயரில் கல்விக்கூடம் தொடங்கினார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயரைப் பள்ளி வாசலில் எழுதினார். பியாஜே அப்போது 20 வயது மாணவர். அறிவை எப்படிக் கட்டுவது என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு முந்திய வேலையை இவர் சிதம்பரத்தில் செய்தார்.

ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர், கிள்ளை: ஆய்வுக்கூடம் இல்லை. என்ன செய்ய?

சார், வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. இத்தனை பெரிய ஆய்வுக்கூடம் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கு இருக்கிறது?

ஒரு மூங்கில் குச்சி எடுங்கள். விரல் அளவுக்குக் கோடு போட்டு, பெரியவர் துணையோடு, ஆழமில்லாத கழி ஓரத்தில் நடுங்கள். பதினைந்து நாள், தண்ணீர் எப்போது உச்சிக்கு ஏறியது, எந்தக் கோடு வரை ஏறியது என்று பிள்ளைகள் எழுதட்டும். ஒன்றும் விளக்காதீர்கள். நாலாம் நாள் ஒருத்தி, “சார், தினமும் லேட்டாகுது” என்பாள். எவ்வளவு என்று கேளுங்கள். சுமார் 50 நிமிடம் என்று கணக்குப் போட்டு வருவாள். அமாவாசையை ஒட்டி ஏற்றம் கூடுவதை இன்னொருத்தன் பிடிப்பான்.

அப்போது சந்திரனை எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் அது பாடம். அப்போது எடுத்தால் அவர்கள் கேள்விக்குப் பதில்.

சுற்றுலாப் பயணி, விழுப்புரம்: ‘இதயக்கனி’ எடுத்த இடத்தைப் படகில் காட்டினார்கள். வேறு என்ன பார்க்கலாம்?

வேர். படம் வெளிவந்தது 1975இல். எம்.ஜி.ஆர். வந்து போனார், சுரபுன்னை அங்கேயே நிற்கிறது. சேற்றிலிருந்து மேலே குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களைப் பார்த்து, “வேர் ஏன் மேலே வருது?” என்று உங்கள் பிள்ளை கேட்டால் டிக்கெட் காசு செரித்துவிடும்.

இயற்கை ஆர்வலர், கடலூர்: பிச்சாவரம் காடு நலிந்ததற்குக் காரணம் அங்குள்ளவர்கள் விறகு வெட்டியதும் ஆடுமாடு மேய்த்ததும்தானே?

பலரும் அப்படித்தான் கட்டி வைத்திருந்தார்கள், பெரிய படிப்பு படித்தவர்கள் உட்பட. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் கழிக்குள் இறங்கி ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்து அரசு நிர்வாகம் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டியதுதான் முக்கியமான காரணம் என்று கண்டார்கள். மரம் போன இடத்தில் வெயில் விழுந்து மண் தாழ்ந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வற்றி உப்பு ஏறியது. உப்பில் கன்று பிடிக்கவில்லை.

மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஏற்றத் தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள், ஊர் மக்களையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு. காடு திரும்பியது. பிள்ளைக்கு மட்டும்தான் தப்பான கருத்து இருக்கும் என்று நினைக்காதீர்கள். விஞ்ஞானியும் இடித்துக் கட்டுகிறவர்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், சிதம்பரம்: கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தானே வெயில்?

தம்பி, பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் போவது ஜனவரி முதல் வாரம். அது மார்கழி! உங்கள் ஊரில் ஆருத்ரா தரிசனத்துக்குப் போர்வையோடு கூட்டம் நிற்கும் காலம். வெயிலுக்குக் காரணம் பூமியின் சாய்வு.

வெட்கப்பட வேண்டாம். 1987இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் இதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கியும் தொப்பியுமாக நின்ற பெரும்பாலானோர் உன் விடையைத்தான் சொன்னார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்று மூன்று வயதில் கட்டியது, பட்டம் வாங்கியும் இடியவில்லை. அதை இடிக்கத்தான் மார்கழி.

தமிழாசிரியர், காட்டுமன்னார்கோயில்: மனப்பாடம் கூடாதா? வாய்ப்பாடு கூடாதா?

யார் சொன்னது? ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விரல் விட்டால் வட்டிக் கணக்கு முடிவதற்குள் விடிந்துவிடும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் பின்னங்களைக் கூட மனத்தில் வைத்திருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு அந்த நினைவாற்றலை வெறும் ஒப்பித்தலாகத் தள்ளிவிடாமல் கற்கும் முறையாகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

என் சண்டை மனப்பாடத்தோடு இல்லை. அர்த்தம் வருவதற்கு முன்னாலேயே பிள்ளையை அதில் அடைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதோடு.

வரலாற்று மாணவி, கடலூர்: பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது வெளிநாட்டு முறையா?

ஏற்றுமதி நம்முடையது. சென்னை எழும்பூர் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்தார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித் தரும் முறையை விடுதியில் நடத்தினார். 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். பெயர் மெட்ராஸ் முறை. நம் திண்ணைச் சட்டாம்பிள்ளைக்கு அதில் ராயல்டி வரவில்லை.

விவசாயி, புவனகிரி: காந்தி இதைப் பற்றி ஏதும் சொல்லவில்லையா?

1937இல் வார்தாவில் மாநாடே கூட்டினார். கைத்தொழில் வழியே எல்லாப் பாடமும் என்பது அவருடைய ஆதாரக் கல்வி. இரண்டு வருஷம் கழித்து, 1939இல், மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்து இறங்கினார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். பெரியவர்கள் இருவரும் சொன்னது ஒன்று: கைக்கு வேலை கொடு. நாம் கொடுத்தது வீட்டுப்பாடம்.

ஆய்வு மாணவர், அண்ணாமலைநகர்: 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் இந்த முறையைப் போட்டுத் தாக்கினார்களே, படித்தீர்களா?

படிக்க வேண்டிய கட்டுரை. வழிகாட்டாமல் விடுவது புதிதாகக் கற்பவரின் நினைவுக்கு அதிகச் சுமை, தெளிவாக விளக்கிக் காட்டுவதே உதவும் என்றார்கள். 2004இல் மேயர் என்பவரும், தனியாகவே கண்டுபிடிக்க விடும் முறை பல பத்தாண்டுகளாகத் தோற்றதைப் பட்டியலிட்டார்.

இரண்டும் சரி. ஆனால் மேயரே ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார்: கை ஆடினால் போதாது, மனம் ஆட வேண்டும். வாத்தியார் பேச்சைக் கேட்டுக்கொண்டே பிள்ளை கட்டலாம். களிமண்ணைப் பிசைந்துகொண்டே ஒன்றும் கட்டாமல் இருக்கலாம். பாய் விரித்துவிட்டதாலேயே வகுப்பு கட்டுமானம் ஆகாது, பெஞ்சு போட்டதாலேயே கெடவும் செய்யாது.

தாய், பரங்கிப்பேட்டை: கடைசியில் பரீட்சை ‘புக் பேக்’ கேள்விதானே? எதற்கு இந்தப் பாடு?

நியாயமான கோபம். 2005 தேசியக் கலைத்திட்டத்தை இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் இந்தக் கொள்கையை வைத்தே எழுதினார்கள். 2017இல் தமிழ்நாடு பொதுத்தேர்வில் மாநில முதலிடப் பட்டியலை நிறுத்தியது, நல்ல காரியம். ஆனாலும் வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும். பாடத்திட்டம் கிழக்கே போகச் சொல்லி, வினாத்தாள் மேற்கே இழுத்தால், பிள்ளை வினாத்தாள் பக்கம் போகும். அதுதான் புத்திசாலிப் பிள்ளை. மாற வேண்டியது வினாத்தாள்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியர், கடலூர் மாவட்டம்: ஐந்து வகுப்பு, இரண்டு பேர், கூடவே எமிஸ் என்ற இணையதளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு. இதில் கட்டுமானம் எங்கே கட்ட?

உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. உங்களிடமிருந்து எமிஸ் கைப்பேசியைப் பிடுங்கி இன்னொரு ஆளிடம் கொடுக்கச் சொல்லி அரசிடம் கேட்க உரிமை இருக்கிறது, கேட்கிறேன். பிள்ளை சொல்வதைக் காதில் வாங்க வேண்டியவர் விரலால் கட்டம் நிரப்பிக்கொண்டிருப்பது பொதுப்பணத்துக்கு நஷ்டம்.

எண்ணும் எழுத்தும் வகுப்பு நடத்தும் ஆசிரியை, சிதம்பரம்: அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துவது சரிதானா?

2022 ஜூனில் தொடங்கியபோது நோக்கம் தெளிவு: கொரோனா விடுமுறையில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் எட்டு வயதுக்குள் பிடிப்பது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பிப்பது நூற்றுக்கு நூறு சரி. ஒன்றை மட்டும் பாருங்கள். போன வருஷம் அரும்பில் உட்கார்ந்தவன் இந்த வருஷமும் அங்கேயே உட்கார்ந்திருந்தால், அது நிலை இல்லை, முத்திரை.

எட்டாம் வகுப்பு மாணவி, கிள்ளை: மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் சாமி எங்கள் ஊருக்கு வருகிறார். தர்காவில் மரியாதை செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “அது அப்படித்தான்” என்கிறார்கள்.

சபாஷ் கண்ணு! இந்த வருஷத்தின் சிறந்த சமூக அறிவியல் கேள்வி. தர்காவில் மூத்தவர் ஒருவர், சாமியோடு வரும் பட்டர் ஒருவர், ஊரில் வயதான பாட்டி ஒருவர், மூவரிடமும் தனித்தனியே கேட்டு எழுது. மூன்று கதையும் ஒத்துப்போகாது. எங்கே ஒத்துப்போகவில்லை என்று கோடு போடு. வரலாற்று ஆசிரியர்கள் செய்வதும் இதேதான், கொஞ்சம் அதிகச் சம்பளத்தில்.

ஐ.டி. ஊழியர், சென்னை (சொந்த ஊர் கிள்ளை): கைப்பேசியைக் கேட்டால் விடை உடனே வருகிறது. இனி பிள்ளை எதற்குக் கட்ட வேண்டும்?

கைப்பேசியில் நீச்சல் வீடியோவும் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வெள்ளாற்றில் குதிப்பீர்களா?

ஏழாம் வகுப்பு மாணவன், கிள்ளை: சுரபுன்னை மரம் இவ்வளவு பெரிசா இருக்கே, அந்த எடை எல்லாம் சேற்றிலிருந்துதானே வந்தது?

400 வருஷத்துக்கு முன்னால் வான் ஹெல்மாண்ட் என்று ஒருவருக்கும் இதே சந்தேகம். தொட்டியில் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டார். இரண்டு கிலோ வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோவுக்குக் கிட்டே வந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால், குறைந்திருந்தது 60 கிராம்கூட இல்லை.

அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். பாதி சரி. மீதிப் பாதி அவருக்குக் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது: காற்று. அதில் இருக்கும் கரியமில வாயுவை இலை உள்ளே இழுத்து, வெயிலின் உதவியால் மரமாக்குகிறது. காய்ந்த கட்டையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது.

நம்ப முடியவில்லையா? நல்ல பையன். திங்கட்கிழமை அறிவியல் சாரிடம் போய், “காத்துக்கு ஏது சார் எடை?” என்று சண்டையை ஆரம்பி. அவர் பலூனும் தராசும் எடுத்து வரும் வரை விடாதே.